ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயர்: கிங் ஃபீச்சர்ஸ் கதை

பழைய மாயாவி, மாண்ட்ரேக் படக்கதைகளை உற்றுப் பார்த்துப் படித்தவர்களுக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்கும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடுக்கிலோ ஏதாவது ஒரு மூலையிலோ, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும்: கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட். சின்ன வயதில் நான் அதை ஓவியர் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிங் என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து காட்டையும் குதிரையையும் மண்டையோட்டு மோதிரத்தையும் வரைந்துகொண்டே இருக்கிறார் என்று நினைப்பு. பாதி சரிதான். கிங் என்று ஒருவர் இருந்தார். ஆனால் அவர் ஓவியர் இல்லை, மற்றவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் ஊர் ஊராக விற்றவர்.

சிண்டிகேட் என்றால் நம்மூர்ப் பெரியவர்களுக்கு 1969-இல் காங்கிரஸ் உடைந்ததுதான் ஞாபகம் வரும், இன்னும் சிலருக்கு ஒரு வங்கி. அமெரிக்கப் பத்திரிகை உலகில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒரு சித்திரத் தொடரையோ சமையல் குறிப்பையோ குறுக்கெழுத்தையோ ஒரே ஒரு முறை தயாரித்து, அதையே நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்பது, அவ்வளவுதான். செய்தி நிறுவனங்களும் இதைத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். செய்தி அன்றைக்கே ஊசிப்போகிற சரக்கு. ஃபீச்சர் எனப்படும் இந்தச் சித்திரத் தொடர் வகையறா ஊறுகாய் மாதிரி, இன்று போட்டதை ஆறு வாரம் கழித்துத் திறந்தாலும் ருசி மாறாது. தவிர, அமெரிக்காவில் நாடு முழுக்கப் போகிற தினசரி என்று ஒன்று வெகுகாலம் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் சொந்தப் பத்திரிகை, பெரிய ஊர் என்றால் நாலைந்து. அத்தனை பத்திரிகைகளும் தினம் பக்கம் நிரப்ப வேண்டும், ஆனால் எல்லோராலும் தனக்கென்று ஒரு நல்ல ஓவியரை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. இந்த இடைவெளியில் முளைத்த தொழில் இது.

இதன் முதல் வடிவம் ஒரு போரில் இருந்து வந்தது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ என்கிற சிற்றூரில் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஆன்செல் நாஷ் கெல்லாக் என்பவருக்கு அச்சகத்தில் ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆட்கள் படைக்குப் போய்விட்டார்கள். மனிதர் பக்கத்தில் மாடிசன் நகரத்துத் தினசரியிடம் இருந்து ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சாகிய தாள்களை வரவழைத்தார். மறுபக்கத்தில் உள்ளூர் சமாச்சாரத்தை மட்டும் அச்சடித்துப் பத்திரிகையைக் கொண்டுவந்துவிட்டார். போர் முடிந்த 1865-இல் சிகாகோவுக்குப் போய் இதையே ஒரு வியாபாரமாக ஆக்கினார். பிறகு அச்சடித்த தாளுக்குப் பதிலாக வார்த்த உலோகப் பாளங்களையே ரயிலில் அனுப்பும் கம்பெனிகள் வந்தன. வாங்குகிறவர் தேவைக்கு அறுத்துப் பொருத்திக்கொள்ளலாம். அந்தப் பாளத்துக்குக் கேலியாக வைத்த பெயர்தான் பாய்லர்பிளேட். இன்று வக்கீல்களும் சாஃப்ட்வேர்காரர்களும் ‘அப்படியே எடுத்து ஒட்டுகிற வாசகம்’ என்கிற அர்த்தத்தில் அதைச் சொல்கிறார்களே, அதே சொல்தான். 1884-இல் எஸ். எஸ். மெக்ளூர் என்பவர் பேர்பெற்ற எழுத்தாளர்களின் கதைகளை வாங்கிப் பல பத்திரிகைகளுக்குப் பிரித்து விற்கத் தொடங்கினார். தொழிலின் அடித்தளம் அத்தோடு முடிந்தது. படம் மட்டும்தான் பாக்கி.

படத்தைக் கொண்டுவந்தது இரண்டு முதலாளிகளின் சண்டை. 1895-இல் வில்லியம் ரண்டால்ஃப் ஹெர்ஸ்ட் நியூயார்க்கில் ஜர்னல் என்கிற பத்திரிகையை வாங்கினார். எதிரில் ஜோசப் புலிட்சரின் வேர்ல்ட். புலிட்சரிடம் ரிச்சர்ட் அவுட்கால்ட் என்கிற ஓவியர் இருந்தார், அவருடைய மஞ்சள் சட்டை போட்ட மொட்டைத்தலைப் பையன் ஊர் முழுக்கப் பிரபலம். 1896-இல் ஹெர்ஸ்ட் கூடுதல் பணம் கொடுத்து அவுட்கால்ட்டை இழுத்துக்கொண்டார். புலிட்சர் சும்மா இருந்தாரா? ஜார்ஜ் லூக்ஸ் என்கிற இன்னொரு ஓவியரை உட்காரவைத்து அதே பையனைத் தொடர்ந்து வரையச் சொன்னார். ஒரே நகரத்தில், ஒரே நேரத்தில், இரண்டு பத்திரிகைகளில், இரண்டு மஞ்சள் பையன்கள். அந்தப் பத்திரிகைகளின் பரபரப்பு பாணிக்கு மஞ்சள் பத்திரிகைத்தனம் என்று பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்தப் பையனுக்குப் பங்கு உண்டு. நாம் தமிழில் மஞ்சள் பத்திரிகை என்பதை வேறு தினுசாகப் பயன்படுத்துகிறோம், ஆனால் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சண்டையில் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது, அது இந்தத் தொழிலை இன்றுவரை விடவில்லை. வரைகிறவர் போய்விட்டால் அந்தப் பையன் யாருடையவன்?

கேள்வி நீதிமன்றம் வரை போனது இன்னொரு தொடரால். ஜர்னலில் 1897 டிசம்பர் 12 அன்று ருடால்ஃப் டர்க்ஸ் என்கிற ஜெர்மன் வம்சாவளி ஓவியர் இரண்டு வால் பையன்களை வைத்து கட்ஸன்ஜாமர் கிட்ஸ் என்கிற தொடரைத் தொடங்கினார். பதினைந்து வருஷம் விடாமல் வரைந்தபின் 1912-இல் ஐரோப்பாவுக்குப் போய்க் கொஞ்சம் ஓய்வெடுக்க நினைத்தார். ஹெர்ஸ்ட் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை, உறவு முறிந்தது, வழக்கு நடந்தது. கிடைத்த தீர்ப்பு விசித்திரமானது. தொடரின் தலைப்பு ஹெர்ஸ்டுக்கு, பாத்திரங்களை வரையும் உரிமை டர்க்ஸுக்கும் உண்டு. ஆகவே ஹெர்ஸ்ட் ஹெரால்ட் நெர் என்பவரை வைத்துப் பழைய பெயரிலேயே நடத்தினார், டர்க்ஸ் எதிர் முகாமுக்குப் போய் அதே பையன்களை வேறு பெயரில் வரைந்தார். இரண்டுமே பல பத்தாண்டுகள் ஓடின. முதல் உலகப்போர் வந்து ஜெர்மானியர் என்றாலே அமெரிக்காவில் ஆகாது என்ற நிலை வந்தபோது ஹெர்ஸ்டின் தொடர் கொஞ்ச காலம் பெயரை மாற்றிக்கொண்டு, பையன்கள் ஜெர்மானியரே இல்லை என்று நடித்தது. வியாபாரம் என்றால் இப்படித்தான்.

சரி, கிங் எங்கே? மோசஸ் கோனிக்ஸ்பெர்க் என்பவர் ஹெர்ஸ்ட் பத்திரிகைகளில் ஆசிரியர் பொறுப்புகளில் இருந்து வளர்ந்தவர், செய்தியைவிட விற்பனையில் மூளை அதிகம் ஓடிய ஆள். ஹெர்ஸ்டின் சித்திரங்கள் அதுவரை பல பெயர்களில் பல வழிகளில் வெளியாருக்குப் போய்க்கொண்டிருந்தன. 1915 நவம்பர் 16 அன்று அவர் தொடங்கிய புது சிண்டிகேட்டுக்கு வைத்த பெயர் கிங் ஃபீச்சர்ஸ். ஜெர்மன் மொழியில் கோனிக் என்றால் ராஜா. தன் பெயரில் பாதியை மொழிபெயர்த்துப் பலகையில் மாட்டிவிட்டார். இதில் தற்பெருமை இருக்கிறது, இருந்தாலும் தந்திரமும் இருந்தது என்று நினைக்கிறேன். ஹெர்ஸ்டைக் கண்டாலே ஆகாத பத்திரிகை முதலாளிகள் அமெரிக்கா முழுக்க இருந்தார்கள். அவர் பெயர் போட்ட பில்லுக்குப் பணம் கட்ட யாருக்குத்தான் மனசு வரும்? ராஜா என்றால் யாருக்கும் விரோதியில்லை.

சரக்கு போன விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு ஓவியர்கள் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் ஒரு அட்டைத் துண்டு. ஓவியர் அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக, பல வாரங்கள் முன்கூட்டியே வரைந்து கொடுப்பார். நியூயார்க்கில் அதை உலோகத் தகட்டில் செதுக்கி எடுப்பார்கள். அந்தத் தகட்டின் மேல் காகிதக் கூழால் ஆன ஈர அட்டையை வைத்து அழுத்தினால் கோடுகள் எல்லாம் பள்ளமாக அதில் பதியும். காய்ந்ததும் அதை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம், மேட் என்று அதற்குப் பெயர். ஊர்ப் பத்திரிகையில் அந்த மேட்டின் மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் அச்சடிக்கத் தயாரான பாளம் கிடைத்துவிடும். உலோகப் பாளத்தை ரயிலேற்றிய காலத்தோடு ஒப்பிட்டால் எடை ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்துக்கான சிரிப்பும் சாகசமும் ஒரு தபால் உறையில் டெக்சாஸுக்கும் போகும், ஆஸ்திரேலியாவுக்கும் போகும்.

விலையும் வேடிக்கையானது. நிர்ணய விலை கிடையாது. பத்திரிகையின் விற்பனையைப் பொறுத்துக் கட்டணம். குக்கிராமத்து வாரப் பத்திரிகை வாரத்துக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுக்கும் அதே படத்துக்குப் பெருநகரத் தினசரி பல மடங்கு கொடுக்கும். பெருநகரப் பத்திரிகை ஏன் கொடுத்தது என்றால், வாங்கியது படத்தை மட்டும் இல்லை. இந்த ஊரில் வேறு யாருக்கும் இதைக் கொடுக்காதே என்கிற உத்தரவாதத்தையும் சேர்த்து வாங்கியது. ஒரு தொடருக்காகவே பத்திரிகை மாற்றுகிற வாசகர்கள் இருந்த காலம், அதனால் எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே வாங்கியவர்களும் உண்டு. வருமானத்தைக் கம்பெனியும் ஓவியரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது பொது வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கும்: பாத்திரம், பெயர், பதிப்புரிமை எல்லாம் கம்பெனிக்கு. டர்க்ஸ் வழக்கில் பட்ட சூடு இந்தத் தொழிலுக்கு மறக்கவில்லை என்று அந்த வரியைப் பார்த்தால் தோன்றும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஹெர்ஸ்டை வெறும் கணக்குப்பிள்ளை என்று முடிவுகட்ட முடியாதபடி ஒரு விஷயம் குறுக்கே வருகிறது, அதன் பெயர் கிரேஸி கேட். ஜார்ஜ் ஹெரிமன் 1913-இல் இருந்து வரைந்த தொடர் அது. ஒரு பூனைக்கு ஓர் எலி மேல் காதல், எலி பூனையின் மண்டையைக் குறிபார்த்துச் செங்கல் எறியும், பூனை அதைக் காதலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும், நடுவில் பூனையைக் காதலிக்கிற நாய்ப் போலீஸ் ஒருவர் எலியைப் பிடித்து உள்ளே தள்ளுவார். முப்பது வருஷம் கிட்டத்தட்ட இதே கதைதான். பின்னணியில் அரிசோனா பாலைவனம் ஒரு கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்குள் உருமாறிக்கொண்டே இருக்கும், ஒரு வசனம் கவிதையாகவும் இருக்கும், உளறலாகவும் இருக்கும். 1924-லேயே கில்பர்ட் செல்டஸ் போன்ற விமர்சகர்கள் இதை உயர்ந்த கலை என்று எழுதினார்கள், ஆனால் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் பெரும்பாலான வாசகர்களுக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வாங்கிய பத்திரிகைகள் குறைந்துகொண்டே போயின. ஹெர்ஸ்டுக்கு மட்டும் அது உயிர். தன் பத்திரிகைகளில் அதை நிறுத்தக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார், ஹெரிமனுக்குச் சம்பளமும் ஒழுங்காகப் போனது. 1944 ஏப்ரலில் ஹெரிமன் இறந்தார். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் அடுத்த வாரமே இன்னொருவர் பேனாவை எடுத்திருப்பார். இதற்கு யாரையும் போடவில்லை. அந்த ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். கிங் ஃபீச்சர்ஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

கோனிக்ஸ்பெர்க் 1928-இல் விலக, ஜோசப் கானலி தலைமைக்கு வந்தார். அடுத்த பத்து வருஷத்தில் நடந்ததைப் பட்டியல் போட்டாலே மூச்சு வாங்கும். 1929 ஜனவரி 17, ஈ. சி. சீகர் ஒன்பது வருஷத்துக்கு மேலாக வரைந்துகொண்டிருந்த திம்பிள் தியேட்டர் என்கிற தொடரில், கப்பல் ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக ஓரமாக ஒரு ஒற்றைக்கண் மாலுமி வந்து நிற்கிறான். வேலை முடிந்ததும் சீகர் அவனை அனுப்பிவிட்டார், வாசகர்கள் விடவில்லை, திரும்பி வந்த பாப்பாய் தொடரையே விழுங்கிவிட்டான். 1933-இல் திரைக்குப் போனான். கீரை விளையும் டெக்சாஸ் கிரிஸ்டல் சிட்டியில் 1937-இல் அவனுக்குச் சிலை வைத்தார்கள், கற்பனைப் பாத்திரத்துக்கு விவசாயிகள் காட்டிய நன்றி. அதே 1929-இல் நம்பினால் நம்புங்கள் வகைத் தகவல்களை வரைந்துகொண்டிருந்த ராபர்ட் ரிப்ளியையும் ஹெர்ஸ்ட் வளைத்துப் போட்டார். ரிப்ளி பகுதிக்கு 1937-இல் மினசோட்டாவில் இருந்து ஒரு பள்ளிப் பையன் தன் நாய் ஆணிகளையும் பிளேடுகளையும் தின்னும் என்று படம் வரைந்து அனுப்பினான், அச்சிலும் வந்தது. பையன் பெயர் சார்லஸ் ஷுல்ஸ். அவர் பிற்பாடு ஸ்னூப்பி என்கிற உலகப் புகழ்பெற்ற நாயைப் படைத்தது போட்டி சிண்டிகேட்டுக்காக, அந்தத் தொடருக்கு பீநட்ஸ் என்று ஷுல்ஸ் விரும்பாத தலைப்பை வைத்ததும் அந்த சிண்டிகேட்தான்.

1930 செப்டம்பரில் சிக் யங்கின் பிளாண்டி. முதலில் அவள் பணக்காரப் பையன் டாக்வுட்டின் துடுக்கான காதலி, பெரும் பொருளாதார மந்த காலத்தில் அந்தப் பணக்கார விளையாட்டு எடுபடவில்லை. யங் என்ன செய்தார் தெரியுமா, டாக்வுட்டைக் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு உண்ணாவிரதம் இருக்க வைத்தார்! பெற்றோர் இறங்கிவந்தார்கள், ஆனால் சொத்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 1933 பிப்ரவரி 17 அன்று கல்யாணம். அன்றைக்கு இருந்து அவர்கள் நடுத்தரக் குடும்பம், ஆபீஸ், முதலாளி திட்டு, நடுராத்திரியில் அடுக்கடுக்காக சாண்ட்விச். உச்சத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது.

சாகசப் பக்கம் இன்னும் வேகம். போட்டிக் கம்பெனியின் பக் ரோஜர்ஸ் விண்வெளியில் கொடிகட்டிப் பறந்ததைப் பார்த்து, எங்களிடமும் ஒன்று வேண்டும் என்று கிங் தேட, அலெக்ஸ் ரேமண்ட் 1934 ஜனவரி 7 அன்று ஃப்ளாஷ் கார்டனைக் கொடுத்தார். தூண்டியது போட்டிதான், ஆனால் ரேமண்டின் கோட்டுக்கு எதிரில் நிற்க யாருமில்லை. நாற்பது வருஷம் கழித்து ஜார்ஜ் லூகாஸ் என்கிற இளம் இயக்குநர் ஃப்ளாஷ் கார்டனைப் படமாக்க உரிமை கேட்டுக் கிடைக்காமல், வேறு வழியின்றித் தானே ஒரு விண்வெளிக் கதையை எழுதிக்கொண்டார். அதுதான் ஸ்டார் வார்ஸ், அது என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். உரிமையைக் கொடுக்காமல் இருந்ததால் ஒரு கம்பெனிக்கு இவ்வளவு பெரிய நஷ்டம் வேறு யாருக்காவது வந்திருக்குமா?

அப்புறம் லீ ஃபாக். இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த இந்த மிசூரி இளைஞர் 1934 ஜூன் 11-இல் மாண்ட்ரேக்கையும், 1936 பிப்ரவரி 17-இல் நம்மூரில் மாயாவி ஆன பேன்டமையும் கொண்டுவந்தார். நம் ஊர்க் கதை இங்கே ஒட்டிக்கொள்கிறது. பேன்டம் ஆரம்பத்தில் வாழ்ந்த காடு ஆசியப் பக்கம் எங்கோ, வங்காளத்தை நினைவூட்டும் பெயரோடு இருந்தது. அவருடைய பரம்பரை எதிரிகள், சிங் என்கிற கடற்கொள்ளையர் கூட்டம். பின்னாளில் காடு மெல்ல ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது, யாரும் சாமான் கட்டியதாகத் தெரியவில்லை. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே பேன்டம்தான். வங்காளமும் சிங்கும் இந்தியாவில் சும்மா விடக்கூடிய பெயர்களா? பங்கல்லா என்கிற நாடு டெங்காலி ஆயிற்று, சிங் கொள்ளையர்கள் சிங்கா ஆனார்கள். இந்திரஜால் தமிழிலும் கொஞ்ச காலம் வந்தது. பிறகு சிவகாசி முத்து காமிக்ஸில் முகமூடி வேதாளன், 1990-களில் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. (இரும்புக்கை மாயாவி வேறு, அவர் பிரிட்டன் சரக்கு, இந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இதைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.) அமெரிக்காவில் பேன்டம் என்றைக்குமே முதல் வரிசை நட்சத்திரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1948-இல் இருந்து, ஸ்வீடனில் 1950-இல் இருந்து தனி இதழ் வருகிற அளவுக்கு அவருக்கு வெளியூரில்தான் மவுசு. கம்பெனிக்கு அதனால் என்ன கவலை, வரைவது ஒரு முறை, வசூல் எல்லா ஊரிலும்.

பேன்டம் கதையின் அடிப்படைச் சூட்சுமம் நினைவிருக்கிறதா? அவர் சாகாதவர் என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உண்மையில் அப்பா செத்தால் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்வான். நாம் படித்தது இருபத்தோராவது ஆள். கிங் ஃபீச்சர்ஸ் நடத்தியதும் இதே வித்தைதான். பேன்டமை முதலில் ரே மூர் வரைந்தார், அடுத்து வில்சன் மெக்காய், அவர் 1961-இல் இறந்ததும் சை பாரி முப்பது வருஷத்துக்கு மேல். ஃபாக் 1999-இல் இறக்கும்வரை எழுதினார், இறந்த பிறகும் தொடர் நிற்கவில்லை. சீகர் 1938-இல் இளவயதிலேயே போய்விட்டார், பாப்பாய் அடுத்த கைக்குப் போனான். ரேமண்ட் 1956-இல் கார் விபத்தில் இறந்தார், அவருடைய துப்பறிவாளர் ரிப் கிர்பி 1999 வரை துப்பறிந்தார். சிக் யங் 1973-இல் இறந்தார், மகன் டீன் யங் பிளாண்டியைத் தொடர்ந்தார். வாசகருக்குக் காலையில் காபியோடு அதே முகம் வந்தால் போதும், பேனா யார் கையில் இருந்தால் என்ன.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த பெரிய புது ஆட்களில் ஒருவன், மார்ட் வாக்கரின் பீட்டில் பெய்லி. 1950 செப்டம்பரில் தொடங்கியது, ஹெர்ஸ்ட் நேரில் பார்த்து ஒப்புதல் கொடுத்த கடைசித் தொடர் என்பார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். ஆரம்பத்தில் பெய்லி ஒரு சோம்பேறிக் கல்லூரி மாணவன், தொடர் படுத்துக்கிடந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951 மார்ச்சில் வாக்கர் அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார், உடனே எழுந்துவிட்டது. 1954-இல் ஜப்பானில் வந்த அமெரிக்க ராணுவப் பத்திரிகை, இது அதிகாரிகளை மதிக்கவில்லை என்று தொடரைத் தடை செய்தது. தடைச் செய்தி பரவ, வாங்கிய பத்திரிகைகள் கூடின. தடை போட்டுப் பிரபலமாக்குவது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

டிவி வந்ததும் கம்பெனி அதிலும் கால் வைத்தது. ஆல் பிராடாக்ஸ் என்கிற அதிகாரி 1960-ஐ ஒட்டிய இரண்டே வருஷத்தில் 220 பாப்பாய் குறும்படங்களைத் தயாரித்துத் தள்ளினார், தள்ளினார் என்றுதான் சொல்ல வேண்டும், அவற்றின் தரம் அப்படி. அதே ஆள் 1965-இல் பீட்டில்ஸ் குழுவை வைத்துச் சனிக்கிழமைக் கார்ட்டூன் எடுத்தார், அதன் தொடர்ச்சியாக 1968-இல் அவர்களுடைய மஞ்சள் நீர்மூழ்கிக் கார்ட்டூன் படத்தையும் தயாரித்தார். மஞ்சள் சட்டைப் பையனில் தொடங்கிய பரம்பரை மஞ்சள் நீர்மூழ்கியில் வந்து நிற்கும் என்று 1896-இல் யார் எதிர்பார்த்திருப்பார்?

அதற்குள் தரை நழுவத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போர் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் சுருங்கிய படக்கட்டங்கள் அப்புறம் பழைய அளவுக்கு விரியவே இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் ரேமண்ட் மாதிரி காடு வரைய முடியாது, இரண்டு தலைகள் பேசிக்கொள்ளலாம். சாகசம் போய் ஜோக் மட்டும் மிஞ்சியதற்கு டிவியோடு இதுவும் காரணம். ஊருக்கு நாலு பத்திரிகை என்பது இரண்டாகி ஒன்றானதும், எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்று அதிகம் கொடுக்க ஆளே இல்லாமல் போனது. 1970-இல் தொடங்கிய யுனிவர்சல் பிரஸ் போன்ற புது சிண்டிகேட்கள் இளம் ஓவியர்களை அள்ளிக்கொண்டன. கிங் செய்தது, மற்றவர்களை விலைக்கு வாங்கியது. 1986-இல் மட்டும் இரண்டு சிண்டிகேட்கள், டென்னிஸ் த மெனஸ் என்கிற தொடர் எல்லாம் அப்படித்தான் இந்தக் குடைக்குள் வந்தது. இதற்கு நடுவே ஓவியர்களின் பேரமும் மாறியது. உரிமை என்னுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கிற தலைமுறை வந்துவிட்டது.

பழைய சொத்துகளில் மட்டும் பழைய சட்டம். 1986-இல் இருந்து தினசரி பாப்பாயை வரைந்த பாபி லண்டன், 1992-இல் கருக்கலைப்பு விவகாரத்தை மறைமுகமாகத் தொட்டு ஒரு கதை வரைந்தார். வேலை போனது. அந்தப் படங்கள் நிறுத்தப்பட்டு, பழைய பாப்பாய்களே மறுபதிப்பாக ஓடின. இறந்தவர்கள் வரைந்தது பத்திரமான சரக்கு, வம்புக்குப் போகாது.

இன்றும் கம்பெனி இருக்கிறது, ஹெர்ஸ்ட் குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. காமிக்ஸ் கிங்டம் என்கிற இணையதளத்தில் சந்தா கட்டினால் புதியதும் பழையதும் படிக்கலாம். அச்சில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. 2022-இல் லீ என்டர்பிரைசஸ் என்கிற பெரிய பத்திரிகைக் குழுமம் தன் இதழ்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரி குறைந்த தொடர்கள் போதும் என்று முடிவெடுத்தபோது பல தொடர்கள் ஒரே நாளில் ஏகப்பட்ட ஊர்களை இழந்தன. உண்மையான வருமானம் இப்போது பனியனிலும் பொம்மையிலும் பட உரிமையிலும் இருக்கிறது, அதாவது அந்தப் பழைய ஒப்பந்த வரியில்.

அந்த வரிக்கும் காலாவதித் தேதி உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படைப்புகளுக்கு வெளியான ஆண்டில் இருந்து 95 வருஷம். 2025 ஜனவரி 1 அன்று, 1929-இல் ஓரமாக வந்து நின்ற அந்த ஒற்றைக்கண் மாலுமி யாருக்கும் சொந்தமில்லாதவன் ஆனான். முதல் வேலையாகச் சில பேர் அவனைக் கொலைகாரனாக்கி மலிவான பேய்ப்படம் எடுத்தார்கள். பெயர்மீது வணிக முத்திரை இன்னும் கம்பெனியிடம் இருப்பதால் முழு விடுதலை என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் ஓவியர் இறந்து 70 வருஷம் என்பது கணக்கு, அங்கே பாப்பாய் 2009-லேயே வெளியே வந்துவிட்டான். அமெரிக்காவில் மாண்ட்ரேக்கும் ஃப்ளாஷ் கார்டனும் 2030-இல் வெளியே வரவேண்டியவர்கள். இருபத்தோராவது மாயாவியின் முறை 2032 ஜனவரி 1.